கீழே இருப்பவர்களின் யதார்த்தம்: விமான விளையாட்டுகளை முன்வைத்துச் சில கேள்விகள்

1

யதார்த்தவாதம் செத்துவிட்டது என்று ஒரு சாராரும், அது சாகவில்லை, அதைச் சாகடிக்கத் துடிப்பவர்களின் அரசியல்தான் சந்தேகத்துக்குரியது என்று இன்னொரு சாராரும் நமது சிறுபத்திரிகைகளில் போட்ட சண்டை தெரிந்ததே. அந்தச் சண்டை நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். எம்.ஏ. தமிழ் படிக்கப் போன பிறகுதான் அந்தப் பழைய இதழ்களைத் தேடிப் படித்தேன். அதே நாட்களில், வகுப்பு முடிந்த சாயங்காலங்களில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஒரு கேம் கடையில் பிளேஸ்டேஷன் ஆடிக்கொண்டிருந்தேன். இதை எந்த இலக்கியக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதுதான் காரணம். இப்போது சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் கடையிலும் இதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. விமானம் ஓட்டும் விளையாட்டு யதார்த்தமாக இருக்க வேண்டுமா, ஆர்கேடாக இருந்தால் போதுமா என்பதே அங்கே பிரச்சினை.

இந்த விளையாட்டுகளை ஆடியிராத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பொத்தானை அழுத்தினால் விமானம் பறக்கும், ஏவுகணை பாயும், எதிரி வெடிப்பான். நிஜத்தில் எஃப்-15 விமானம் வானத்தில் சண்டை போட எட்டு ஏவுகணைதான் எடுத்துப்போகும். நாம்கோ கம்பெனியின் 'ஏஸ் காம்பாட்' வரிசையில் அதே விமானம் அறுபதுக்கு மேல் சுமக்கும். எங்கே சுமக்கிறது என்று கேட்கக் கூடாது. இது ஆர்கேட். இன்னொன்றில் வேகம் குறைந்த நேரத்தில் மூக்கை அதிகமாகத் தூக்கினால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும், விமானம் கல் மாதிரி விழும். எரிபொருள் தீரும். இது சிமுலேட்டர். முதல் கட்சிக்காரர்களை இரண்டாம் கட்சி 'சின்னப் பசங்க' என்னும். இரண்டாம் கட்சியை முதல் கட்சி 'மேனுவல் படிச்சுட்டுப் பொழுதுபோக்கறவங்க' என்னும்.

வீட்டுத் தொலைக்காட்சியில் சொருகும் கன்சோலில் இந்தச் சண்டைக்கு ஒரு பௌதிக அடிப்படையும் இருக்கிறது. விமானிக்கு இரண்டு கை, இரண்டு கால், சுற்றிலும் நூறு சுவிட்சு. கன்சோல் ஆடுபவருக்கு இரண்டு கட்டைவிரல், நாலைந்து பொத்தான். எனவே எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். 'ஏஸ் காம்பாட்'டிலேயே கையாளும் முறை இரண்டு உண்டு. புதியவர்களுக்கான முறையில் குச்சியை வலது பக்கம் தள்ளினால் விமானம் வலது பக்கம் திரும்பும், கார் மாதிரி. மற்றதில் விமானம் சாயும், அவ்வளவுதான். சாய்ந்த பிறகு மூக்கை இழுத்தால்தான் திரும்பும். முதல் முறையைக் கற்க ஒரு நிமிஷம் போதும். இரண்டாவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் என் உடம்பு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டது என்பதை நான் மறுக்க மாட்டேன். சிமுலேட்டர்காரர்கள் பெருமைப்படுவது இந்த உடம்புக் கல்வியைத்தான்.

2

யதார்த்தம் / ஆர்கேட் என்கிற இந்த எதிர்வு எப்போது பிறந்தது? இரண்டும் ஒரே மெஷினில் பிறந்தன என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் ஒரு பொம்மை விமானத்தைச் செய்தார். அவருடைய குடும்பத் தொழில் ஆர்கன், தானே வாசிக்கும் பியானோ ஆகியவற்றைத் தயாரிப்பது. பியானோவுக்குக் காற்றூதும் துருத்திகளை எடுத்து ஒரு சின்ன விமானக் கூட்டுக்கு அடியில் வைத்தார். உள்ளே உட்கார்ந்து குச்சியை அசைத்தால் கூடு சாயும், திரும்பும். விமானிகளைப் பழக்கத்தான் செய்தார். ராணுவம் சீந்தவில்லை. வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் ஆடும் ராட்டினத்தோடு ராட்டினமாக அது நின்றது. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானப்படை தபால் கொண்டுபோகும் வேலையை ஏற்றது. இருட்டிலும் மேகத்திலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத இளம் விமானிகள் வரிசையாகச் செத்தார்கள். அதற்கப்புறம்தான் ராணுவம் ஆறு மெஷின்களை வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள்.

ஆக, அதே கூடு திருவிழாவில் நின்றால் விளையாட்டு, பாசறையில் நின்றால் 'சிமுலேட்டர்'. யதார்த்தம் அந்த மெஷினின் குணமாக இருக்கவில்லை. எந்த நிறுவனத்தின் வாசலில் அது நிற்கிறது என்பதே அதற்குப் பெயர் வைத்தது. சேகா கம்பெனி 1987-இல் விட்ட 'ஆஃப்டர் பர்னர்' ஆட்டத்தின் பெரிய பெட்டியில் உட்கார்ந்தால் நாற்காலியே சாயும், உதறும். உடம்பை அசைக்கிற காரியத்தில், ஆர்கேட் என்று இளக்காரமாகச் சொல்லப்படும் அதுதான் லிங்கின் நேர் வாரிசு. அதே வருடம் கொனாமி வெளியிட்ட 'டாப் கன்' ஆட்டத்தில் சுடுவது சுலபம். கப்பலில் விமானத்தை இறக்குவதற்குள் குழந்தைகள் அழுதுவிடுவார்கள். ஆர்கேடுக்குள் சிமுலேட்டர் இப்படி ஒளிந்திருந்தது. சுத்தமான வகை என்று எதுவும் இல்லை.

3

2009-இல் 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' கன்சோலுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டை. தொடங்கும்போது மூன்று வழிகளைக் காட்டிக் கேட்கும்: ஆர்கேட், யதார்த்தம், சிமுலேட்டர். யதார்த்தம் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். அதற்கு மேலும் ஒரு படி யதார்த்தம் இருக்கிறதாம்! நமது விமர்சகர்கள் இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை ஒரு கம்பெனி மூன்று பட்டன்களாக ஆக்கிவிட்டது.

பட்டனை மாற்றினால் என்ன மாறுகிறது? ஆர்கேடில் விமானம் சொன்னபடி கேட்கும். யதார்த்தத்தில் தப்பாக இழுத்தால் சுழன்று விழும். சிமுலேட்டரில் காக்பிட்டுக்குள் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும், உதவிக்கு இருந்த குறிகள் எல்லாம் பறிபோகும். அதாவது யதார்த்தம் கூடக்கூட விமானிக்குக் கஷ்டம் கூடுகிறது. வேறு எதுவும் மாறுவதில்லை. ஸ்டாலின்கிராட் மேல் பறக்கிறோம். 1942 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மேல் குண்டு போட்டதில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மூன்று பட்டனில் எதை அழுத்தினாலும் கீழே இருக்கும் நகரம் அதே நகரம்தான். அங்கே யாருக்கும் எதுவும் கூடுவதில்லை, குறைவதில்லை. இந்த விளையாட்டுகளில் யதார்த்தம் என்பது ஒரு நாற்காலியின் யதார்த்தம். அந்த நாற்காலியிலிருந்து எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதே அளவுகோல்.

ரோலண்ட் பார்த் 1968-இல் எழுதிய 'யதார்த்த விளைவு' கட்டுரை இங்கே பலருக்கும் பரிச்சயம். ஃப்ளாபேரின் கதையில் ஒரு வீட்டுச் சுவரில் ஒரு காற்றழுத்தமானி தொங்குகிறது. கதையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. 'நான் நிஜம்' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. விமானத்தின் உயரமானி வேறொன்றுமில்லை, காற்றழுத்தமானியேதான். காற்றின் அழுத்தத்தை அளந்து அதை உயரமாகச் சொல்கிறது. சிமுலேட்டரில் ஒவ்வொரு ஊருக்கும் அன்றைய அழுத்தத்தைப் பார்த்து அதைத் திருகி வைக்க வேண்டும். ஒரு மில்லிபார் தப்பினால் ஏறக்குறைய முப்பது அடி தப்பும். மேகத்துக்குள் மலை இருந்தால் முப்பது அடி முப்பது அடியாகச் சேர்ந்து உயிர் போகும். ஃப்ளாபேரின் காற்றழுத்தமானி சும்மா தொங்கியது. இது வேலை செய்கிறது. எனவே பார்த் சொன்னது இங்கே பொருந்தாது என்று ஒரு நண்பர் வாதிட்டார். எனக்கோ இங்கேதான் அது இன்னும் ஆழமாகப் பொருந்துகிறது. வேலை செய்யும் ஒரு முள்ளைக் காட்டி, வேலை செய்யாத ஒரு பூமியையும் நிஜம் என்று நம்ப வைத்துவிடுகிறார்கள். முள்ளைச் சரிபார்த்த நமது கண் பூமியைச் சரிபார்ப்பதில்லை.

4

அந்தப் பூமியைப் பார்ப்போம். 'மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்' 2020-இல் கணினிக்கும் 2021 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கும் வந்தது. இதில் சண்டை கிடையாது. உலகம் முழுக்கப் பறக்கலாம். விண்ணிலிருந்து எடுத்த படங்களையும் வரைபடத் தகவல்களையும் கொண்டு, ஆஸ்திரியாவின் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் நூற்றைம்பது கோடிக் கட்டடங்களைத் தானாகவே கட்டியது. வெளியே மழை பெய்தால் திரையிலும் மழை. யதார்த்தவாதியின் கனவு முழுசாகப் பலித்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

வெளிவந்த சில நாட்களிலேயே ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் புறநகர் ஒன்றில் 212 மாடிக் கோபுரம் ஒன்று நிற்பதை ஆடியவர்கள் கண்டார்கள். சுற்றிலும் ஓட்டு வீடுகள், நடுவில் ஊசி மாதிரி ஒரு கட்டடம். பொதுமக்கள் சேர்ந்து தொகுக்கும் வரைபடத்தில் ஒருவர் ஒரு வீட்டின் மாடி எண்ணிக்கையை 2 என்று போடுவதற்குப் பதிலாக 212 என்று தட்டிவிட்டார். மென்பொருள் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டது. லண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனையோ ஆபீஸ் கட்டடமாக நின்றது. பிழை என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கோபுரம் ஒன்றுதான் அந்த உலகத்தில் உண்மை பேசிய கட்டடம். இது எழுத்தால் கட்டிய உலகம், யாரோ எழுதியதுதான் இங்கே நிற்கிறது என்று அது சொல்லிவிட்டது. மற்ற நூற்றைம்பது கோடியும் அதைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

2020 ஆகஸ்டில் லாரா என்ற புயல் அமெரிக்காவை அடித்தபோது ஆடுபவர்கள் தங்கள் விமானங்களை அந்தப் புயலின் கண்ணுக்குள் ஓட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். புயல் அசல், அன்றைய தகவலிலிருந்து வந்தது. அதே நேரத்தில் லூசியானாவில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தகவலில் இல்லை. மழையின் அளவு உண்டு, மழையில் நனைகிறவர் கிடையாது. விமானத்தை எங்காவது மோதினால் திரை கறுத்துவிடும், ஒரு வரிச் செய்தி வரும். தீ இல்லை, உடல் இல்லை. உயரமானியை மில்லிபார் சுத்தமாகச் செய்தவர்கள் மரணத்தை மட்டும் ஒரு கறுப்புத் திரையாக வைத்திருக்கிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த பழைய பதிப்பில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை எடுத்துவிட்டார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். யதார்த்தத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்போலும். யாருடைய துக்கத்துக்காக நிற்கிறது என்பது தனிக் கேள்வி.

2022 மே மாதத்தில் இன்னொன்று நடந்தது. 'டாப் கன்' படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதற்காக இந்த சிமுலேட்டரிலும் ஆர்கேடான 'ஏஸ் காம்பாட் 7'-லும் அந்தப் படத்தின் விமானங்களை விட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் அதே எஃப்-18. சிமுலேட்டரில் ஆயுதம் இல்லாமல், ஆர்கேடில் ஆயுதத்தோடு. படத்துக்காகவே கற்பனை செய்யப்பட்ட, ஒலியைப்போல் பத்து மடங்கு வேகத்தில் போகும் விமானமும் இரண்டு பக்கமும் வந்தது. யதார்த்தத்தின் எல்லைக்காவலர்கள் யாரும் தடுக்கவில்லை. வியாபாரம் என்று வந்தால் இரண்டு கட்சிக்கும் ஒரே சின்னம்தான்.

5

இப்போது ஒரு ஆர்கேட் விளையாட்டுக்கு வருகிறேன். 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஏஸ் காம்பாட் 04'. நாடுகள் கற்பனை, கண்டம் கற்பனை. நான் ஆடும் விமானி ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனுக்கு முகமும் கிடையாது. ஒவ்வொரு சண்டைக்கும் இடையில், அசையாத ஓவியங்களின் மேல் ஒரு குரல் கதை சொல்கிறது. அது விமானியின் குரல் இல்லை. சான் சல்வசியோன் என்ற நகரத்தில் இருந்த ஒரு சிறுவன், பெரியவனான பிறகு சொல்லும் கதை.

அவன் வீட்டின் மேல் ஒரு போர் விமானம் விழுகிறது. குடும்பம் போய்விடுகிறது. விழுந்தது என் கட்சி விமானம். அதைச் சுட்டது எதிரிப்படையின் 'மஞ்சள் 13' என்ற விமானி. நகரம் எதிரி வசமாகிறது. மதுக்கடையில் ஹார்மோனிகா வாசித்துப் பிழைக்கும் பையன், அங்கே வந்து உட்காரும் அதே மஞ்சள் 13-ஓடு பழகிவிடுகிறான். தன் குடும்பத்தைக் கொன்றவன் அவன்தான் என்று அறிந்தும் விலக முடியவில்லை. மஞ்சள் 13-க்கு நெருக்கமான தோழியை ஒரு சண்டையில் நான் சுட்டு வீழ்த்துகிறேன். எனக்கு அது மதிப்பெண். அடுத்த இடைவேளையில், அந்தக் கடையில் அது என்னவாக வந்து சேர்ந்தது என்று பையன் சொல்கிறான். கடைசியில் மஞ்சள் 13-ஐயும் நான்தான் சுடுகிறேன். முழுக் கதையும் எனக்கு அந்தப் பையன் எழுதும் கடிதம்.

அறுபது ஏவுகணை சுமக்கும் விமானம். பௌதிகத்துக்கு ஒத்துவராத திருப்பங்கள். சிமுலேட்டர்காரர் கணக்கில் இது பொய். ஆனால் நான் ஆடியவற்றில், விமானம் கீழே விழுந்தால் அது ஒரு வீட்டின் மேல் விழும் என்பதை எனக்குச் சொன்னது இந்தப் பொய்தான். கதையாடலின் அதிகாரத்தை விமானியிடமிருந்து பிடுங்கித் தரையில் நிற்பவனிடம் கொடுத்த ஒரே காரியத்தால் இது நடக்கிறது. கேமரா அப்படியே மேலேதான் இருக்கிறது. குரல் மட்டும் கீழே இறங்கிவிட்டது.

இதை நான் கொண்டாட வரவில்லை. இதன் பிரச்சினைகளும் அதிகம். கீழிருப்பவனுக்குக் குரல் கொடுத்து, அந்தக் குரலைக்கொண்டே கொன்றவனை மன்னிக்க வைப்பது பழைய தந்திரம். எதிரி விமானி குதிரை மேல் வந்த வீரன் மாதிரி கண்ணியவானாகக் காட்டப்படுகிறான். பையன் பேசுவது சண்டைக்கு வெளியே, ஓவியத்தில் மட்டும். சண்டைக்குள்ளே தரை என்பது மறுபடியும் சுட வேண்டிய குறிகளின் பட்டியல்தான். இருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கேட்ட பிறகு, அந்தக் குறிகளைப் பழையபடி குறிகளாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இதே வரிசை 2011-இல் 'அசால்ட் ஹொரைசன்' என்ற பெயரில் நிஜ உலகத்துக்கு வந்தது. மயாமி, துபாய், மாஸ்கோ, வாஷிங்டன். கதை எழுத ஒரு அமெரிக்க ராணுவத் துப்பறியும் நாவலாசிரியர். எதிரி விமானத்தைச் சுட்டால் கறுப்பு எண்ணெய் ரத்தம் மாதிரி பீறிட்டுத் திரையில் தெறிக்கும். உலோகத்துக்கு ரத்தம் வருகிறது. நிஜ ஊர்களின் பெயர் வந்ததும் அந்தப் பையன் காணாமல் போய்விட்டான். பெயர் நிஜமாக இருப்பதற்கும் விஷயம் நிஜமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

6

எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா வன்னியிலிருந்து வந்தவர். அவர் மகன் என்னோடு ஆட வருவான். ஒருநாள் அவனைக் கூப்பிட வந்த அக்கா கதவருகே நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்கள் எப்பவும் மேலதான் நிக்கிறியள். கீழ ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லக்கா, சும்மா கேம்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

"கிபிர் வரேக்க சத்தம் முன்னால வராது. அது போனாப் பிறகுதான் வரும். சத்தம் கேட்டா நாங்கள் உயிரோட இருக்கிறம் எண்டு அர்த்தம்."

ஒலியின் வேகத்தை நெருங்கி வரும் விமானத்துக்கு முன்னால் அதன் ஓசை அதிகம் முந்திப் போக முடியாது. பௌதிகம் அதுதான். ஆனால் நான் ஆடிய எந்த சிமுலேட்டரும் இந்தப் பௌதிகத்தை இந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்க வைத்ததில்லை. எஞ்சின் சத்தத்தை விமானியின் காதுக்குத்தான் பதிவு செய்கிறார்கள். பொம்மர், சகடை, கிபிர் என்று ஈழத்துச் சனங்கள் விமானங்களுக்கு வைத்த பெயர்கள் ஒரு வகைப்பாட்டியல். பங்கருக்குள் ஓட எத்தனை நொடி இருக்கிறது என்பது அதன் அடிப்படை. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விளையாட்டுகளின் விமானப் பட்டியலில் வேகம், சுமை, திரும்பும் திறன் எல்லாம் உண்டு. இந்த அறிவுக்கு அங்கே ஒரு கட்டமும் கிடையாது.

விளையாட்டுதானே, இதை ஏன் இவ்வளவு பெரிசு பண்ண வேண்டும் என்று கேட்கலாம். 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷிர் பள்ளத்தாக்கில் பாகிஸ்தான் விமானத் தாக்குதல் என்று சில இந்தியத் தொலைக்காட்சிகள் காட்டிய படம் 'ஆர்மா 3' என்ற விளையாட்டிலிருந்து வந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் விமானி ஒருவர் ரஷ்ய விமானத்தை வீழ்த்தும் காட்சி என்று உலகம் முழுக்கச் சுற்றியது 'டி.சி.எஸ்.' என்ற கணினி சிமுலேட்டரில் செய்யப்பட்டது. விளையாட்டு அவ்வளவு யதார்த்தமாகிவிட்டது என்று மெச்சினார்கள். நான் அதைத் திருப்பிப்போட்டுப் பார்க்கிறேன். 1991 வளைகுடாப் போரில் குண்டின் மூக்கிலிருந்த கேமராவின் படத்தைத் தொலைக்காட்சி நமக்குக் காட்டியதிலிருந்தே, போர் என்றால் மேலிருந்து தெரிவது என்று நமது கண் பழகிவிட்டது. செய்தியும் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட பிறகு எது செய்தி, எது விளையாட்டு என்று எப்படித் தெரியும்?

எனவே ஆர்கேடா யதார்த்தமா என்ற சண்டையில் நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. எவ்வளவு யதார்த்தம் என்று கேட்பதை விட்டுவிட்டு யார் இடத்திலிருந்து யதார்த்தம் என்று கேட்கத் தொடங்கினால், சிமுலேட்டர்களும் பெரும்பாலான ஆர்கேடுகளும் ஒரே பக்கம் போய் நிற்கும். 04-இன் அந்தப் பையன் மாதிரி ஒன்றிரண்டு குரல்கள் மட்டும் இந்தப் பக்கம் நிற்கும். நமது இலக்கியத்தின் யதார்த்தவாதச் சண்டையிலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். கிராமத்தை அங்குலம் அங்குலமாக வருணித்த நாவல்களில், ஆசிரியர் எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சேரியைப் பார்த்தார்? எவ்வளவு உயரத்திலிருந்து?

அக்காவின் மகன் இன்னும் ஆட வருகிறான். அவன் பறக்கும்போது ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். சண்டையை விட்டுவிட்டு அடிக்கடி தாழ வந்து வீடுகளுக்கு மேல் மெதுவாகச் சுற்றுவான். எதிரி பின்னால் வந்து சுட்டுவிடுவான். "என்னடா பண்ற?" என்றேன். "யாராவது வெளிய வராங்களான்னு பாத்தேன் மாமா" என்றான்.